டேப் ஒட்டினால் சுடுதண்ணீர் வராது

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் சுற்றுகிறது: “வாட்டர் ஹீட்டருக்குக் கரண்ட் வரவில்லையா? ஆர்சிசிபி சுவிட்சை மேலே தள்ளி டேப் ஒட்டிவிடுங்கள், அப்புறம் விழாது.”

தவறு. ஆர்சிசிபி என்பது மின்கசிவு வந்தால் தானே விழுந்து கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச். டேப் ஒட்டியும் பயனில்லை. சுவிட்சைப் பிடித்துக்கொண்டாலும் உள்ளே இணைப்பு துண்டாகும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். அது பலிக்காதபோது, கழற்றிவிட்டு நேராக வயர் கொடுக்கத் தோன்றும். எனக்குப் பயமே அங்கேதான். மலேசியாவின் 1994 மின்சார விதிமுறைகள் ஈரத்தரை இடங்களுக்கு 10 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி கேட்பது சும்மா இல்லை. 50 மில்லிஆம்பியர் ஓரிரு விநாடி நெஞ்சு வழியாகப் பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலையலாம்.

சரி, என்ன செய்வது? சின்ன பிரேக்கர்கள் எல்லாவற்றையும் இறக்கி, ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, கசிவு பெரும்பாலும் அந்த லைனில். அது ஹீட்டர் லைன் என்றால் இறக்கியே வைத்துவிட்டு, பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். உள்ளே சூடேற்றும் கம்பி விரிசல் விட்டிருக்கலாம்.

எதுவுமே விழவில்லையா? தண்ணீரைப் பாருங்கள். மாலையில் குழாய் நூலாக ஒழுகும்போது (எங்கள் வரிசை வீடுகளில் தெரிந்த கதைதான்) பல ஹீட்டர்கள் சூடேற்றவே தொடங்காது.