இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்?

திருகோணமலையில் முதியோர் இல்லம் ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கட்டடத்தைப் பார்க்கிறார்கள். பிறகு சாமியறை, சமையலறை, முற்றத்து வேப்பமரம். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் ஏசி இருக்கிறதா, வைஃபை இருக்கிறதா என்று கேட்பார்கள். இரவு இரண்டு மணிக்கு எத்தனை பராமரிப்பாளர்கள் விழித்திருப்பார்கள் என்று கேட்பவர் மிகக் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அந்த இல்லத்தின் நிர்வாகம், சம்பளம், அரசின் அக்கறை எல்லாம் அதற்கு வரும் பதிலில் தெரிந்துவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30 பேர் இருக்கும் இல்லம், அதில் 6 பேர் எழும்ப முடியாத படுக்கையாளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரச வைத்தியசாலைத் தாதியர் பார்க்கும் காலை 7–1, பின்னேரம் 1–7, இரவு 7–7 என்ற முறை எங்கள் ஊருக்கும் பொருந்தும். இரவு 10 மணிக்கு ஆள் மாற்றினால் கிண்ணியாவிலிருந்தோ சாம்பல்தீவிலிருந்தோ வரும் பெண் எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போவாள்? காலையில் 4 பேர், பின்னேரம் 3 பேர், இரவில் 2 பேர் என்று மிகக் குறைவாக வைத்தாலே ஒரு நாளைக்கு 66 மணித்தியால வேலை. கிழமைக்கு 462. ஒருவர் கிழமைக்கு 45 மணித்தியாலம் வேலை செய்தால் பத்துப் பேருக்குச் சற்று மேலே தேவை. லீவு, விடுமுறை, காய்ச்சல், வீட்டுச் சடங்கு எல்லாம் சேர்த்தால் 12 பேர். இதில் சமையற்காரர் இல்லை, மேற்பார்வையாளர் இல்லை, கிளினிக்குக் கூட்டிப் போகிறவரும் இல்லை.

2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு வேலை கொடுப்பவர் பங்கு 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம், ஆக 4,500. ஒருவருக்கு 34,500, பன்னிரண்டு பேருக்கு 4,14,000. முப்பதால் பிரித்தால் ஒரு முதியவருக்கு மாதம் 13,800 ரூபா. இது பராமரிக்கும் கைகளுக்கான குறைந்தபட்சக் கூலி மட்டும். சாப்பாடு, கரண்ட் பில், பம்பர்ஸ், மருந்து எதுவும் இதற்குள் வரவில்லை. மறுபக்கத்தில், வருமானம் குறைந்த 70 வயது கடந்தவருக்கு அரசு கொடுக்கும் மூத்தோர் கொடுப்பனவு 2025இல் 3,000இலிருந்து 5,000 ஆனது. கூட்டியது நல்லதுதான். ஆனால் 5,000க்கும் 13,800க்கும் இடையிலுள்ள பள்ளத்தை எதை வைத்து நிரப்புகிறோம்? பெரும்பாலும் ஒரே வழிதான். 12 பேர் செய்ய வேண்டிய வேலையை ஆறு, ஏழு பேரைக் கொண்டு செய்விக்கிறோம். பகலில் அது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் வெட்டு விழுவது இரவில்.

இரவில் ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் படுக்கைப் புண்ணை விட நேரான சாட்சி இல்லை. எழும்ப முடியாத ஒருவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். ஈரத் துணி மாற்றி, தலையணை வைத்து, துணிச் சுருக்கத்தை இழுத்து நேராக்க ஒருவருக்குப் பத்து நிமிடம், அதுவும் இருவர் சேர்ந்து. 6 பேர், இரவு 7 முதல் காலை 7 வரை ஆறு சுற்று. 360 நிமிடம், ஆறு மணித்தியாலம். இரண்டு பேர் இருந்தால் முடியும். ஒருவர்தான் என்றால் முடியாது. அவர் செய்யக்கூடியது இழுத்துத் திருப்புவது மட்டும். அந்த இழுவையில் தோல் உரிகிறது, அவருடைய நாரியும் போகிறது.

எங்கள் ஆட்களின் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அதனால் புத்தகத்தில் சொன்னபடி சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம். வால் எலும்பு, இடுப்பின் பக்க எலும்பு, குதிக்கால் இந்த மூன்று இடங்களையும் ஒவ்வொரு குளிப்பாட்டலிலும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலை விடக் கறுத்து, சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் எண்ணெய் பூசி அழுத்தித் தேய்க்கும் வழக்கம் இங்கே நிறைய உண்டு. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் உள்ளே ஏற்கெனவே நசிந்த சதை தேய்க்கத் தேய்க்கச் சிதையும். வளைய வடிவக் காற்றுத் தலையணையும் வேண்டாம், அது வளையத்தைச் சுற்றி இரத்த ஓட்டத்தை மறிக்கிறது. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிக்கால் மெத்தையில் படாமல் தூக்கி விடுங்கள். முழுப் பக்கமாகச் சாய்க்காமல், முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்து 30 பாகையளவில் சாய்த்தால் போதும். காற்று மெத்தை வாங்கிவிட்டோம், இனித் திருப்பத் தேவையில்லை என்று நினைக்கிறவர்கள் 2022இன் நீண்ட மின்வெட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். கரண்ட் போனால் காற்று இறங்கும், மனிதர் கட்டில் பலகையிலேயே கிடப்பார்.

ஆட்கள் ஏன் நிற்பதில்லை? பராமரிப்பில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்த பெண்ணுக்கு இஸ்ரேல் கதவு திறந்திருக்கிறது, மொழி படித்தால் ஜப்பான் திறந்திருக்கிறது, வளைகுடாவோ எப்போதும் திறந்தே இருக்கிறது. தன் பிள்ளைகளுக்காகப் போகிறவளைக் குற்றம் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. பயிற்றுவித்தவள் போய்விடுவாள் என்று பயிற்சியையே நிறுத்துவதுதான் பிழை. போவாள் என்று தெரிந்தே திட்டமிடலாம். இல்லங்களைப் பயிற்சிக் களமாகப் பதிந்து, பயிலுநருக்கு உதவித்தொகை கொடுத்து, ஒன்றரை அல்லது இரண்டு வருடம் நிற்பார் என்ற ஒப்புதலோடு எடுங்கள். இதில் ஒரு கண்டிப்பு வேண்டும்: பயிலுநரை ஆள் கணக்கில் சேர்த்து இரவில் தனியே விடக் கூடாது.

சம்பளத்தோடு இன்னொன்றும் உண்டு. கழுவித் துடைக்கிற வேலை என்று ஊர் முகம் சுளிக்கிறது. கலியாணம் பேசும்போது மாப்பிள்ளை முதியோர் இல்லத்தில் வேலை என்றால் பெண் வீட்டார் அடுத்த கேள்வி கேட்பதில்லை. ஆண் பராமரிப்பாளர் கிடைக்காததற்கு இது பெரிய காரணம். அதனால் 75 வயது ஐயா ஒருவரை 22 வயதுப் பிள்ளை குளிப்பாட்ட வேண்டி வருகிறது. அவருக்கும் கூச்சம், அவளுக்கும் கூச்சம். கடைசியில் குளிப்பு நாள் தள்ளிப் போகிறது. பத்துப் பராமரிப்பாளரில் மூன்று ஆண்களாவது வேண்டும். அவர்களுக்குச் சீருடை, பதவிப் பெயர், மேற்பார்வையாளராக உயரும் வழி மூன்றையும் எழுத்தில் கொடுங்கள்.

நிர்வாக சபைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஓய்வுபெற்ற அதிபர், கோயில் தர்மகர்த்தா, வங்கியில் இருந்தவர் என்று மதிப்புக்குரியவர்கள்தான் இருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல், தங்கள் கைக்காசு போட்டு நடத்துகிறார்கள். அந்த உழைப்புக்குத் தலை வணங்க வேண்டும். ஆனால் சபையில் பலருக்கே 70 கடந்துவிட்டது, அடுத்தவர் யார் என்ற பேச்சு எழுவதில்லை. கூட்டத்தில் பேசப்படுவது மதில், கூரை, ஆண்டு விழா. யார் விழுந்தார், யாருக்குப் புண் வந்தது, இந்த மாதம் எத்தனை இரவு ஒற்றை ஆளோடு போனது என்பவை நிகழ்ச்சி நிரலில் வருவதில்லை. இந்த மூன்று எண்களையும் ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் முதலாவதாக வாசித்தால் பணம் எங்கே போக வேண்டும் என்பது தானாகத் தெரியும். எல்லாப் பாரமும் இல்லத்தின் அன்றாடப் பொறுப்பாளரான மேற்றன் ஒருவர் தலையில். மருந்துப் பெட்டி, சந்தை, கணக்கு, சண்டை தீர்ப்பது, மரண வீடு எல்லாம் அவர். அவர் ஒரு கிழமை காய்ச்சலில் படுத்தால் எந்தக் குளிசை யாருக்கு என்று சொல்ல ஆளில்லை. அதற்கு ஒரு சாதாரண கொப்பி போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: சாப்பிட்டாரா, சிறுநீர், மலம், திருப்பிய நேரம், மருந்து, விழுந்தாரா, மனநிலை. வேலை மாறும்போது இரு குழுவும் பத்து நிமிடம் சேர்ந்து நின்று வாசிக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்கும் சம்பளம் உண்டு.

அன்னதானம். இதைச் சொன்னால் சிலருக்கு மனம் நோகும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பிறந்தநாள், திதி, கலியாண நாள் என்று ஒரு நேரச் சாப்பாட்டைப் பொறுப்பெடுப்பது அழகான வழக்கம். அது எப்படிப் பிழைக்கிறது என்று பாருங்கள். காலையும் இரவும் கலவை இன்சுலின் போடுகிற சீனி வருத்தக்காரர்கள் ஐந்து பேர். வழமையான நேரப்படி மாலை 6.30க்கு ஊசி போட்டாயிற்று, 7 மணிக்குச் சாப்பாடு. அன்றைய சாப்பாடு வெளியிலிருந்து வர வேண்டும். வான் 8.15க்கு வருகிறது, பிறகு படம் எடுக்க வேண்டும், பிள்ளைகள் பரிமாற வேண்டும். எட்டு மணிக்கே ஆச்சி ஒருவருக்கு நெற்றி வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறுகிறது. பார்ப்பவர்கள் தூக்கம் என்கிறார்கள். இரத்தத்தில் சீனி இறங்கிக்கொண்டிருக்கிறது. விழுங்கக்கூடியவர் என்றால் உடனே மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர், 15 நிமிடத்தில் மறுபடி சோதனை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். இதைத் தவிர்க்க இல்லம் இடவேண்டிய விதி ஒன்றுதான்: வெளிச் சாப்பாடு வந்து மேசையில் வைத்த பிறகுதான் ஊசி, நேரம் பிந்தினால் அவர்களுக்கு இல்லத்துச் சாப்பாடு. பிரியாணி, வட்டிலப்பம், கேசரி எல்லாம் ஒரே நாளில் என்றால் மறுநாள் காலை அளவு பார்க்கும் கருவி சொல்லும். படம் எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மறதி நோயில் இருக்கும் அம்மாவால் சம்மதம் சொல்ல முடியாது. தட்டோடு அவர் முகத்தை முகநூலில் போடாதீர்கள்.

கொள்கைக்கு வருவோம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2011இல் திருத்தவும்பட்டது. தேசியப் பேரவை, தேசிய செயலகம், பராமரிப்புச் சபை எல்லாம் அதன் வழி வந்தவை. பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது, பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. சொந்தமாகச் சமாளிக்க முடியாத பெற்றோர் சபைக்கு விண்ணப்பித்துப் பிள்ளையிடம் பராமரிப்புப் பணம் பெறலாம். ஆனால் பிள்ளை டோஹாவில். பணம் வரும், இரவில் எழுப்பிச் சிறுநீர் கழிக்கக் கூட்டிப் போகும் கை வராது. 65 வயது கடந்தவர்கள் 2012 குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு எட்டுப் பேரளவில் இருந்தார்கள், 2024இல் பன்னிரண்டைத் தாண்டிவிட்டார்கள். கைகள் அந்த வேகத்தில் கூடவில்லை. இல்லங்களைப் பதிவு செய்யச் சட்டம் கேட்கிறது, நல்லது. பதிவைப் புதுப்பிக்கும்போது இரவு ஆள் எண்ணிக்கையையும் கேட்கட்டும். அதை நிறைவேற்றும் இல்லத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாதா மாதம் சம்பள மானியம் கொடுக்கட்டும். மானியம் இல்லாமல் விதி மட்டும் போட்டால் சின்ன இல்லங்கள் மூடப்படும், முதியவர்கள் வைத்தியசாலை வாட்டில் கிடப்பார்கள்.

காசு செலவில்லாத மாற்றம் ஒன்றும் உண்டு. ஐந்து முதியவர்களுக்கு ஐந்து வெவ்வேறு கிளினிக் நாள் என்றால், விடியற்காலையில் ஓட்டோ பிடித்து நம்பர் எடுக்கப் போகும் பராமரிப்பாளர் ஐந்து நாள் இல்லத்தில் இல்லை. ஒரு இல்லத்தாரை ஒரே நாளுக்கு ஒதுக்கலாம். அல்லது வைத்தியர் ஒருவர் மாதம் ஒருமுறை இல்லத்துக்கு வரலாம். நாலு, ஐந்து நாள் வேலை மிச்சம்.

தமிழும் சிங்களமும் பேசும் மாவட்டம் இது. மறதி முற்றியவர் கடைசியில் தாய்மொழிக்குத்தான் திரும்புவார். சிங்களம் மட்டுமே மிஞ்சிய அம்மாவுக்குத் தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை இரவில் என்ன செய்வாள்? வலி, தண்ணீர், பயம், கழிவறை என்ற நான்கு சொற்களையாவது இரு மொழியிலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சுற்றறிக்கைகள் தமிழில் வர வேண்டும் என்று இன்னமும் கேட்க வேண்டியிருப்பது வேதனை.

இல்லத்துக்கு வராதவர்கள்தான் அதிகம். வெருகலிலும் புல்மோட்டையிலும் வீட்டில் தனியே கிடப்பவருக்கு நகரத்து இல்லம் விடை இல்லை, அவர் வரவும் மாட்டார். கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு இரண்டு பேர் பகுதி நேரமாக, சம்பளத்தோடு, கிழமைக்கு மூன்று தரம் குளிப்பாட்டி, மருந்து பார்த்து, அரை மணி நேரம் பேசி வந்தாலே இல்லத்துக்கு வரும் கூட்டம் குறையும். மே முதல் வறண்ட, சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது உயிர்ப் பிரச்சினை. வயது போனால் தாகம் தெரியாது, கேட்க மாட்டார்கள். மணித்தியாலத்துக்கு ஒரு வாய் தண்ணீர் யாராவது கொடுக்க வேண்டும். மாரியில் இன்னொரு விதம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் வந்தபோது முதலில் ஏறி ஓடியவர்கள் கால் நன்றாக உள்ளவர்கள். எந்த வீட்டில் யார் தூக்கப்பட வேண்டியவர் என்ற பட்டியல் ஒவ்வொரு பிரிவிலும் ஐப்பசிக்கு முன் இருக்க வேண்டும்.

கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருந்து இதை வாசிக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு: அடுத்த திதிக்கு இல்லத்துக்குத் தொலைபேசி எடுக்கும்போது, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இரவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒருவர்தான் என்றால், இரண்டாவது ஆளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஒருவருக்கு மாதம் 34,500. கிழமையின் ஏழு இரவையும் நிரப்ப இரண்டு பேர் வேண்டும், ஆக 69,000. இருபது குடும்பம் சேர்ந்தால் குடும்பத்துக்கு 3,450. ஒரு வருடத்துக்கு எழுத்தில் உறுதி கொடுங்கள், ஏனென்றால் இரண்டு மாதம் வந்து நிற்கும் பணத்தை நம்பி ஒருவரையும் வேலைக்கு எடுக்க முடியாது. ரசீதில் ‘நன்கொடை’ என்று எழுத விடாமல் ‘இரவுப் பராமரிப்பாளர் சம்பளம்’ என்று எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த இரவுக் கொப்பியின் ஒரு பக்கத்தை, பெயரை மறைத்து, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 11, 1, 3, 5 என்று திருப்பிய நேரங்கள் அதில் இருக்க வேண்டும்.