'இன் கோல்ட் பிளட்': எல்லாமே நடந்தவையா?

"இந்த நூலில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை, அப்படியே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம்" என்று, அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் பிளட்' பற்றி ஒரு குறிப்பு கிளிநொச்சி, வவுனியா வாசகர்களிடையே வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு.

நூல் சொல்லும் கொலை உண்மை. 1959 நவம்பர் 15 அதிகாலை, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஹோல்கம் என்ற சிற்றூரில் ஒரே குடும்பத்தில் நால்வர் கொல்லப்பட்டனர். குற்றவாளிகள் இருவரும் 1965 ஏப்ரல் 14 தூக்கிலிடப்பட்டனர். கபோட்டியின் நூல் 1966இல் வெளிவந்தது.

ஆனால் கடைசிக் காட்சியைப் பாருங்கள். வழக்கை விசாரித்த துப்பறிவாளர் டூயி, கொல்லப்பட்ட சிறுமியின் தோழியை மயானத்தில் சந்திக்கிறார். அப்படியொரு சந்திப்பு நடக்கவே இல்லை. தூக்குமேடையோடு கதையை முடிக்க மனமில்லாமல் கபோட்டி அதைப் புனைந்தார். அவருடைய 1951 நாவலான 'தி கிராஸ் ஹார்ப்' முடிவதும் மயானத்தில்தான். இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தால் நாவலாசிரியரின் கை அடையாளம் தெரியும்.

உரையாடல்களிலும் கவனம் வேண்டும். நேர்காணல்களில் ஒலிப்பதிவுக் கருவி இல்லை. கபோட்டியும் உடன் சென்ற அவருடைய எழுத்தாளர் தோழி ஹார்ப்பர் லீயும் பிறகு நினைவிலிருந்து குறிப்பெழுதினர். ஆகவே மேற்கோள் குறிக்குள் இருப்பதெல்லாம் சொன்னபடியே சொன்ன சொல் அல்ல.

ஒவ்வொரு காட்சியிலும் கேளுங்கள்: அங்கே யார் இருந்தார்? அவர் உயிரோடு இருந்து இதைச் சொல்லியிருக்க முடியுமா? இறந்தவரின் தனிமையான எண்ணம் வருமிடத்தில் பென்சிலால் கோடிடுங்கள். அங்கே பேசுவது நாவலாசிரியர். அதனால் நூல் சிறுத்துவிடாது. இலக்கியமாக அது பெரும் படைப்பு. சாட்சியக் கோவையாக மட்டும் நீட்டாதீர்கள்.