வயரை விடுங்கள், முதலில் ஸ்பீக்கரை நகர்த்துங்கள்

பாட்டுக் கேட்கும் செட்டுகளைப் பற்றிப் பேச மாதாமாதம் கூடுகிறோமே, போன ஞாயிறு லாஸ்பேட்டை மாடியில் அந்தச் சந்திப்பில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. அந்தத் தம்பி மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து கேட்டது ஒரே கேள்வி. "பாட்டுல குரல் தெளிவா நிக்க மாட்டேங்குதுண்ணா, எதை மாத்தலாம்?" செல்போனில் இருந்த போட்டோவை ஒரு பார்வை பார்த்துவிட்டு நம் பெரியவர் தீர்ப்பு சொல்லிவிட்டார்: ஸ்பீக்கர் வயரை மாற்று. அவர் சொன்ன வயரின் விலைக்கு அவனுடைய ஸ்பீக்கர் ஜோடியையே வாங்கிவிடலாம். முதலில் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போமே என்று நான் சொன்னதற்கு வந்த பதில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். "மைக்செட்டுக் காதுக்கு இதெல்லாம் புடிபடாது சார்." சிரித்தீர்கள். சரி.

போட்டோவில் என்ன இருந்தது என்று யாராவது உற்றுப் பார்த்தீர்களா? ஒரு ஸ்பீக்கர் பீரோ மேல், இன்னொன்று கட்டிலுக்குப் பின்னால் மூலையில், தரையில். மொசைக் தரை, வெறும் சுவர், ஒரு திரைச்சீலை கிடையாது. இந்த அறையில் எந்த வயரைப் போட்டால் குரல் தெளியும்? வயர் அங்கே பிரச்சினையே இல்லை. இதைத்தான் அன்றைக்கும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

மறுநாளே அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, உட்கார்ந்தால் ட்வீட்டர், அதாவது பெட்டியில் கீச்சு ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கர், காதுக்கு நேராக இருக்கும்படி வைத்தோம். ஸ்பீக்கர் இரண்டும் நாற்காலியும் முக்கோணமாக, மூன்று பக்கமும் ஏறக்குறைய சம தூரம். மூலையிலிருந்து வெளியே இழுத்ததுமே அந்த வீங்கிய பேஸ் பாதி வடிந்துவிட்டது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் பெட்டியை வைத்தால் தாழ்ந்த ஒலிகள் மட்டும் தூக்கிக்கொண்டு வந்து குரலை மூடிவிடும், இது எந்தக் கம்பெனி பெட்டியாக இருந்தாலும் நடக்கும். தரையில் ஒரு ஜமுக்காளத்தை விரித்தோம், பக்கச் சுவரில் அவன் அம்மாவின் பழைய கனத்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டோம். அப்புறமும் குரல் நடுவில் நிற்காமல் அங்குமிங்கும் கலைந்துதான் கிடந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து (ஆம்ப்) வயரைக் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்தில் போடுகிற ஒன்றரை வோல்ட் பேட்டரியை அதன் முனைகளில் லேசாகத் தொட்டுப் பார்த்தேன். பிளஸ்ஸுக்கு பிளஸ் சரியாகப் பட்டால் ஸ்பீக்கரில் அதிரும் அந்தக் கூம்பு, கோன், முன்னால் வரும். ஒன்று முன்னால் வந்தது, இன்னொன்று உள்ளே போனது. யாரோ ஒரு பக்கம் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும், நடுவில் நிற்க வேண்டிய குரல் எங்கே போகும்? மாற்றிப் போட்டேன். குரல் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. செலவு சுழியம்.

இந்தப் பேட்டரி வித்தை எந்த வீடியோவிலும் பார்த்ததல்ல. திருப்பாப்புலியூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த என் மாமா கற்றுக்கொடுத்தது. கல்யாணமோ கோயில் திருவிழாவோ, பாக்ஸ் ஸ்பீக்கர்களை அடுக்கும் முன் ஒவ்வொன்றையும் பேட்டரியால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் லாரியில் ஏற்றுவார். ஆம், ஐயா, அந்த மைக்செட்டுக் காதுதான்.

"அப்போ எல்லா வயரும் ஒன்றா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நூல் மாதிரி மெல்லிய வயரை நீளமாக இழுத்தால் வித்தியாசம் வரும்தான். ஆனால் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மின்சாரத்துக்குத் தரும் தடை ஒரு கிலோமீட்டருக்கே ஏழு ஓம் சொச்சம்தான். மூன்று மீட்டர் போய், மூன்று மீட்டர் திரும்பி வந்தால் 0.05 ஓம்கூட வராது. எதிரே இருப்பது 8 ஓம் ஸ்பீக்கர். இதற்கு மேல் என்ன கணக்கு வேண்டும்? நம் ஊர்க் கடல் காற்றுக்கு வயர் முனை பச்சை பூக்கும், அதுவும் உண்மை. கொஞ்சம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி முறுக்குங்கள், முடிந்தது.

"எனக்கு வித்தியாசம் கேட்டதே!" கேட்டிருக்கும், நீங்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. கண்ணும் சேர்ந்து கேட்கிறது, அவ்வளவுதான். 1994-இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஒலி ஆய்வாளர்கள் ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும், கண்ணெதிரே வைத்தும் ஆட்களைக் கேட்க வைத்தார்கள். எது பாடுகிறது என்று தெரிந்ததும் சின்ன மலிவான செட்டின் மதிப்பெண் இறங்கிவிட்டது. கேட்டவர்கள் ஒரு ஆடியோ கம்பெனியின் ஊழியர்கள், மைக்செட்டுக்காரர்கள் அல்ல. அடுத்த சந்திப்பில் ஒரு வேட்டியைக் குறுக்கே கட்டி, யாராவது உள்ளே போய் வயரை மாற்றி மாற்றிப் போடட்டும், நம் பெரியவர் வெளியே உட்கார்ந்து எது எது என்று சொல்லட்டும். நான் பிரியாணி வாங்கித் தருகிறேன்.

"வசதி இல்லாத எரிச்சல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பதில் கிடையாது.

காசு செலவழித்துத்தான் தீருவேன் என்றால் ஸ்பீக்கருக்குச் செலவழியுங்கள், ஒலி அங்கேதான் பிறக்கிறது. ஆம்ப்பில் வாட்ஸைத் துரத்தாதீர்கள், 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம் கூடிய மாதிரி இருக்கும், அவ்வளவே. பழைய பெட்டி வாங்கினால் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அது உளுத்துப் பொடியாகும், ரப்பர் விளிம்பு தாங்கும். அப்புறம், பாட்டுக் கேட்கும்போது சீலிங் ஃபேனை ஒரு நம்பர் குறையுங்கள். கடகடவென்று சுற்றும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு வயரின் நுணுக்கம் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பெயர் சொல்லவில்லை.

எனக்கு வலித்தது வயர் விஷயம்கூட இல்லை. அந்தத் தம்பி திரும்பிப் போகும்போது "நம்ம செட்டு குப்பைதான் போலண்ணா" என்றான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய செட். அவன் என்ன பாட்டு கேட்பான், யார் குரல் பிடிக்கும் என்று அந்த மாடியில் ஒருவர் கேட்கவில்லை. விலை கேட்டீர்கள், மாடல் நம்பர் கேட்டீர்கள். இப்படியே போனால் மாதாமாதம் கூடி வயரைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். மைக்செட்டுக்காரன் என்று சிரித்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு விடிய விடியக் கண்விழித்துப் பாட்டுப் போட்டதும் ஒரு மைக்செட்டுக்காரர்தான். அன்றைக்கு வாசலில் நின்று "இன்னும் கொஞ்சம் சவுண்டு வை" என்றுதான் கேட்டார், எந்த வயர் போட்டிருக்கிறாய் என்று கேட்கவில்லை.

அடுத்த மாதம் அந்தத் தம்பி வரமாட்டானாம். நானும் வரவில்லை, அவன் வீட்டில் பாட்டு கேட்கப் போகிறேன்.