பளபளப் படமும் பசைக் கொப்புளமும்

கும்பகோணத்தில் சாமி படத்துக்கு ஃபிரேம் போடும் கடைகளுக்குக் குறைவில்லை. கிளாஸி போட்டோவைச் சுருக்கமில்லாமல் போர்டில் ஒட்டித் தரத்தான் ஆளில்லை. திருக்கடையூரில் எடுத்த அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படத்தைக் கொடுத்தேன். வெள்ளைப் பசையைத் தடவி, துணியால் நாலு இழுப்பு இழுத்து, சொரசொரப்பான ஹார்ட்போர்டில் அப்பிவிட்டார்கள். வெளிச்சத்தில் சாய்த்தால் அம்மாவின் கன்னத்தில் கொப்புளம், பட்டுப்புடவை முழுக்கப் புள்ளிப் புள்ளியாய் மேடு பள்ளம்.

இந்தத் தாளுக்கு இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. பசையின் ஈரம் எந்த வழியாகக் காயும்? போதாததற்கு ஐப்பசி அடைமழை. போர்டும் ஈரத்தை இழுத்து வளைகிறது. பளபளப்பில்லாத மேட் தாளாவது கொஞ்சம் மறைக்கும். கிளாஸி ஒரு மணல் துகளைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

வழவழப்பான போர்டும் இருபுறமும் ஒட்டும் ஃபிலிமும் ரப்பர் உருளையும் இருந்தால் போதுமே! ஓர் ஓரத்தை முதலில் பிடித்துக்கொண்டு, ஃபிலிமின் பின்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தபடி உருட்டினால் காற்று வெளியேறிவிடும். படம் கண்ணாடியில் ஒட்டாதிருக்க நடுவில் மவுண்ட் எனும் அட்டைச் சட்டம் கொடுக்க வேண்டும், அதையும் கொடுக்கவில்லை. கேட்டால், "கண்ணாடி போட்டா தெரியாதுங்க" என்கிறார்கள். தெரிகிறது. கூடத்தில் எங்கே மாட்டினாலும் தெரிகிறது.