மதகுருவின் தோளில் நட்சத்திரம் எதற்கு?

ராணுவ மதகுருவின் சீருடை என்றாலே எல்லாரும் சிலுவையா, பிறையா, ஓமா என்றுதான் சண்டை போடுகிறோம். சிக்கல் இருப்பது தோள்பட்டையில்.

பிரிட்டிஷ் தரைப்படையில் நான்காம் வகுப்பு மதகுரு கேப்டனுக்குச் சமம். தோளில் மூன்று நட்சத்திரம். காவலில் தூங்கிவிட்ட சிப்பாய் அதை அந்த நட்சத்திரங்களுக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்வானா? பிரிட்டிஷ் கடற்படை இதில் கெட்டி. அங்கே மதகுருவுக்குப் பதவியே கிடையாது. யாரிடம் பேசுகிறாரோ அவருடைய பதவிதான் அப்போதைக்கு இவருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் தரைப்படை மதகுருவும் அதிகாரிச் சீருடைதான் போட்டார், ஆனால் தோள்பட்டைச் சின்னம் இல்லாமல். ஊதா ஓரப்பட்டி, கழுத்தில் சிலுவை, அவ்வளவுதான். (எந்த அரசுக்காகப் போனார்கள் என்பது தனிக் கணக்கு.)

பதவி இருந்தால்தான் தளபதி காது கொடுப்பார் என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் பிடிபட்டால்? அமெரிக்க மதகுரு எமில் கப்பானும் கேப்டன். 1950 நவம்பரில் கொரியாவில் பிடிபட்டார். பியோக்டோங் போர்க்கைதி முகாமில் அதிகாரிகளைத் தனியாக அடைத்திருந்ததால், சாதாரணச் சிப்பாய்களிடம் போக அவர் காவலுக்குத் தெரியாமல் நழுவ வேண்டியிருந்தது. 1951 மே மாதம் அங்கேயே இறந்தார்.

சட்டப்படி மதகுருவைக் காப்பது நட்சத்திரம் அல்ல. 1949 ஜெனீவா முதல் உடன்படிக்கையின் 40ஆம் பிரிவு இரண்டு பொருள்களைச் சொல்கிறது. இடது கையில் ஈரம் தாங்கும் பட்டை, அதில் செஞ்சிலுவை போன்ற பாதுகாப்புச் சின்னம், ராணுவ முத்திரை. கூடவே சட்டைப் பைக்குள் அடங்கும் அடையாள அட்டை: பெயர், பிறந்த தேதி, பதவி, படை எண், புகைப்படம், கையொப்பம் அல்லது விரல்ரேகை. முடிந்தால் குறைந்தது இரண்டு பிரதி; ஒன்று சொந்த நாட்டிடம் இருக்கும். பிடித்தவன்கூட இவற்றைப் பறிக்கக் கூடாது. இவர் போர்க்கைதியும் அல்ல. கைதிகளுக்குத் தேவைப்படும் வரைதான் நிறுத்தி வைக்கலாம்.

நடைமுறையில் சொதப்புவது பட்டைதான். பச்சைச் சீருடைமேல் வெள்ளைத் துணி, பதுங்கியிருக்கும் மொத்தப் பிரிவையே காட்டிக் கொடுத்துவிடும்; அதனால் கழற்றச் சொல்வார்கள். கழற்றினாலும் பாதுகாப்பு போகாது, அது வேலையைப் பொறுத்தது. ஆனால் தூரத்தில் குறிபார்ப்பவனுக்கு அட்டை தெரியுமா? இன்னொரு குளறுபடியும் உண்டு: அமெரிக்கப் படையில் மதகுரு ஆயுதம் ஏந்துவதில்லை, அவருடைய உதவியாளர் துப்பாக்கியோடு வருவார். அந்த உதவியாளர் போரிடும் சிப்பாய். அவர் கையில் இந்தப் பட்டையைக் கட்டவே கூடாது.

பதவிதான் அட்டையிலேயே அச்சாகியிருக்கிறதே. சம்பளத்துக்கும் கணக்குக்கும் அது போதும். தோளில் இருப்பதைக் கழற்றிவிடலாம்.