ஓடில்லாத சிப்பி

(போர்ச்சுகல், மத்தோசின்யோஸ் துறைமுகத்துக்குப் பக்கத்து அடுக்குமாடி வீடு. அடுப்பில் மசாடா கொதிக்கிறது. வெங்காயம், பூண்டு, தக்காளி போட்ட சாறிலேயே முழங்கை வடிவப் பாஸ்தா வேகிறது. மாப்பிள்ளை ரூய் குப்பைக்கூடையை மறைத்தபடி நிற்கிறார். மாமியார் உள்ளே வருகிறார்.)

மாமியார்: வாசம் லிஃப்ட் வரைக்கும் வருகிறதே! என்ன மாப்பிள்ளை விசேஷம்?

ரூய்: சிப்பி மசாடா அத்தை. இந்தப் பக்கம் வேண்டாம், அங்கே உட்காருங்கள்.

மாமியார்: சிப்பி ஏது?

ரூய்: காலையில் கடல் உள்வாங்கியிருந்தது. பாறையிலிருந்து நானே பெயர்த்து வந்தேன்.

மாமியார்: அடேயப்பா! ஓடெல்லாம் எங்கே?

ரூய்: ஓடா... அது... கரையிலேயே போட்டுவிட்டேன். வீடு நாறுமே!

மாமியார்: (தட்டிலிருந்து ஒன்றை எடுத்து) எல்லாம் ஒரே அளவாக இருக்கிறதே. பாறையிலேயே தரம் பிரித்து வைத்திருந்தார்களா?

ரூய்: நல்ல பாறை அத்தை.

மாமியார்: நிறம் வேறு செக்கச்செவேல் என்று...

ரூய்: வெயில்.

மாமியார்: (வாயில் போட்டு மென்று) வினிகர். பாப்ரிகா. ஆலிவ் எண்ணெய். பிரிஞ்சி இலையும் இருக்கிறது. மாப்பிள்ளை, இதே ஊரில் மீன் டப்பா ஆலையில் இளமை முழுவதையும் தொலைத்தவள் நான். படகு வந்தால் ஆலைச் சங்கு ஊதும், நடுராத்திரியானாலும் எழுந்து ஓடுவோம். என்னிடமா இந்தக் கதை?

ரூய்: (கூடையை விட்டு விலகி) டப்பாதான் அத்தை. தெரிந்தால் தொடமாட்டீர்களோ என்று பயம்.

மாமியார்: நான் ஏன் தொடாமல் போகிறேன்? உங்கள் மனைவியைப் படிக்கவைத்ததே டப்பாதான். ராமிரெஸ் கம்பெனி 1853லிருந்து இந்த நாட்டில் டப்பா அடைக்கிறது. அத்தனை பேரும் முட்டாள்களா? அது கிடக்கட்டும், டப்பாவில் இருந்த எண்ணெய் எங்கே?

ரூய்: பாத்திரம் கழுவும் தொட்டியில்...

மாமியார்: ஊற்றிவிட்டீர்களா! (நெஞ்சைப் பிடித்துக்கொண்டு) பொய்யைக்கூட மன்னிப்பேன், இதை மன்னிக்கவே மாட்டேன். சிப்பியின் ருசி பாதி அதில்தானே இறங்கியிருக்கும்! வெங்காயத்தை அதில் வதக்கியிருக்க வேண்டாமா?

ரூய்: இன்னொரு டப்பா இருக்கிறது அத்தை.

மாமியார்: அதை முதலிலேயே சொல்வதற்கென்ன? எண்ணெயை மட்டும் சாறில் விடுங்கள். ஐயையோ, சிப்பியைக் கொட்டாதீர்கள்! ஏற்கெனவே வெந்தது அது. மறுபடி கொதித்தால் ரப்பர்தான். அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடினால் போதும். உப்பு போட்டாயிற்றா?

ரூய்: இல்லை, இப்போதுதான்...

மாமியார்: கையை எடுங்கள். டப்பாவில் இருப்பதே தாராளம். வினிகரும் இருக்கிறது, அதனால் வெள்ளை ஒயின் அரைக் கிளாஸுக்கு மேல் வேண்டாம்.

ரூய்: மீதி ஒயின்?

மாமியார்: நான் எதற்கு வந்திருக்கிறேன்?

ரூய்: சரி, பாஸ்தாவை வடிகட்டிவிடட்டுமா?

மாமியார்: இதென்ன இத்தாலிக்காரன் வீடா? மசாடா என்றால் சாறு தளும்ப வேண்டும், கரண்டியால் அள்ளிக் குடிக்க வேண்டும். கொத்தமல்லியை நறுக்குங்கள், நிறையவே. ஆமாம், டப்பா விஷயம் என் மகளுக்குத் தெரியுமா?

ரூய்: மீன் சந்தைக்குப் போகச் சொல்லிப் பணம் கொடுத்தாள். வழியில் ஒரு கடையில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டு பீர், அப்புறம் தோழர்களுக்கும் ரெண்டு ரெண்டு... அதனால் அவளிடமும் பாறைக் கதைதான். அலை பாறையில் மோதினால் அடிபடுவது சிப்பி என்பார்களே அத்தை, இன்றைக்கு அந்தச் சிப்பி நான்தான்.

மாமியார்: எத்தனை மணிக்கு வருவாள்?

ரூய்: லிஃப்ட் சத்தம் கேட்கிறது.

மாமியார்: (குடத்தை எடுத்து) கால்சட்டையை முட்டி வரை மடியுங்கள்.

ரூய்: எதற்கு அத்தை?

மாமியார்: பாறையில் சிப்பி பெயர்த்தவர் இப்படிக் காய்ந்துபோயா நிற்பார்?

ரூய்: ஐயோ, சில்லென்று இருக்கிறதே!

மாமியார்: அட்லாண்டிக் வேறு எப்படி இருக்கும்? அசையாமல் நில்லுங்கள். உப்பு டப்பா எங்கே?