மார்செய்: கடற்கரைச் சுவரில் அமர்ந்து பார்த்த ஒலிம்பிக்

2024 ஒலிம்பிக் பாரிஸில் நடந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அதன் பாய்மரப் படகுப் போட்டிகள் அத்தனையும் பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான தொலைவில், மத்தியதரைக் கடலோரம் இருக்கும் மார்செய் நகரில் நடந்தன. தமிழ்நாட்டைச் சேர்ந்த நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் அங்கே படகு செலுத்துகிறார்கள் என்பதற்காகவே நான் போனேன். போய்வந்த பிறகு எனக்குள் உறுதிப்பட்டுவிட்ட ஒரு கருத்தை இங்கே எழுதுகிறேன். ஒரு நகரம் ஒரு பெரும் போட்டியை எவ்வளவு நன்றாக நடத்தியது என்று தெரிந்துகொள்ள விரும்பினால், நுழைவுச்சீட்டு வாங்க வழியில்லாத அந்த ஊர்க்காரர்களில் யாரெல்லாம் அதைப் பார்க்க முடிந்தது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு மார்செய் பாதிப் பதிலை மிக அழகாகச் சொன்னது. மீதிப் பாதியைச் சொல்லவே இல்லை.

செயின்ட் சார்ல் ரயில் நிலையத்தின் வாசலில் நின்றால், 104 படிகள் நகரத்துக்குள் இறங்குகின்றன. அந்தப் படிகளின் இருபுறமும் இரண்டு பெண் சிலைகள் சாய்ந்து படுத்திருக்கின்றன: ஒன்று ஆசியக் காலனிகள், மற்றொன்று ஆப்பிரிக்கக் காலனிகள். புதுச்சேரிக்கும் கொழும்புக்கும் சைகோனுக்கும் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகம் இது என்பதால், நம்மவர் யாரும் அந்த ஆசியச் சிலையைப் பார்க்காததுபோல் கடந்து போக முடியாது. கிறிஸ்துவுக்கு முன் 600-ஆம் ஆண்டளவில், இன்றைய துருக்கியின் கரையிலிருந்து கிளம்பி வந்த கிரேக்க மாலுமிகள் நிறுவிய ஊர் இது. 1896-இல் கட்டப்பட்ட பெலெம் என்னும் மூன்று பாய்மரக் கப்பல் 2024 மே 8 அன்று ஒலிம்பிக் சுடரை கிரேக்கத்திலிருந்து இங்கே கொண்டுவந்து சேர்த்தபோது, பழைய துறைமுகத்தைச் சுற்றி மக்கள் லட்சக்கணக்கில் திரண்டதற்கு இந்தப் பழைய உறவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

முதலில் அழகான பாதியைச் சொல்கிறேன். நகரின் தென்பகுதியில் கடலை ஒட்டிக் கார்னிஷ் கென்னடி என்றொரு சாலை வளைந்து வளைந்து செல்கிறது. அதன் கடல் பக்கத்துச் சுவரே கிலோமீட்டர் கணக்கில் நீளும் ஓர் இருக்கையாகக் கட்டப்பட்டிருக்கிறது. உலகிலேயே நீளமான இருக்கை இதுதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையுடன் சொல்வார்கள். ரூக்கா பிளான் படகுத்துறையிலிருந்து வீரர்கள் புறப்பட்டுப் போவதும், விரிகுடாவில் பாய்கள் கூட்டமாகச் சாய்ந்து நிமிர்வதும் இந்தச் சுவரிலிருந்தே தெரியும். வேலிக்குள் அமர்ந்து பார்க்கச் சீட்டு விற்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் கடலுக்கு வேலி போட யாராலும் முடியாது. என் பக்கத்தில் ஒரு பாட்டி மடக்கு நாற்காலி, குடை, தெர்மாஸ் குடுவை, பழைய தொலைநோக்கி என்று சகல ஏற்பாட்டுடன் வந்திருந்தார். எந்தப் படகு எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதைத் தன் பேரனுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் அவர் சொன்னபடியே நடந்தது. அங்கேயே பிறந்து, அந்தக் காற்றிலேயே வளர்ந்தவர் போலிருக்கிறது.

அந்தக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்செய்க்கு மிஸ்த்ரால் என்னும் வடமேற்குக் காற்று பெயர்போனது. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் அது நம் வாடையைப்போலக் குளிர்ந்தது, ஆனால் அதைவிடப் பல மடங்கு மூர்க்கமானது. அது இல்லாத கோடை நாட்களில், நண்பகலுக்கு மேல் நிலம் சூடேறிய பின் கடலிலிருந்து எழும் காற்றைத்தான் நம்பியிருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் இரண்டுமே போட்டியாளர்களைக் கைவிட்ட நாட்கள் இருந்தன. சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் போட்ட கொடி ஏற்றப்பட்டால் ஓட்டம் தள்ளிவைக்கப்படுகிறது என்று பொருள். பதக்கத்துக்கான இறுதி ஓட்டங்களில் சிலவே காற்றுக்காகக் காத்திருந்து அடுத்த நாளுக்குத் தள்ளிப்போயின. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு இது பெரும் அலுப்பாக இருந்திருக்கும். கரையில் இருந்த எங்களுக்கு அப்படி இல்லை. வெயிலில் கண்ணாடியாய்க் கிடந்த நீரின் மேல் ஓரிடத்தில் மட்டும் கருநிறம் படர்வதைக் கண்டு, காற்று வருகிறது என்று யாராவது முதலில் கத்துவதும், சுவர் முழுக்க ஆட்கள் எழுந்து நிற்பதும் ஓட்டத்துக்கு இணையான காட்சியாகவே எனக்குப் பட்டது.

நேத்ராவும் விஷ்ணுவும் செலுத்தியது தனியொருவர் செலுத்தும் நாலேகால் மீட்டர் நீளப் படகு. எல்லோருக்கும் ஒரே அச்சில் செய்த படகு, பெண்கள் பிரிவிலும் ஆண்கள் பிரிவிலும் அந்தந்தப் பிரிவுக்குள் ஒரே அளவுப் பாய் என்பதால், உடல் வலிமைக்கும் காற்றைப் படிக்கும் அறிவுக்கும் மட்டுமே அங்கே வேலை. ஒவ்வோர் ஓட்டத்திலும் எத்தனையாவதாக வந்தோமோ அத்தனை புள்ளிகள் சேரும். மிகக் குறைந்த புள்ளி வைத்திருப்பவரே முதல்வர். முதல் பத்துப் பேர் மட்டும் பதக்க ஓட்டத்துக்குப் போவார்கள். சென்னையில் ஒரு கோடைப் பயிற்சி முகாமில் முதன்முதலாகப் பாய்மரப் படகில் ஏறிய நேத்ரா, மார்செயில் தன் முதல் ஓட்டத்திலேயே ஆறாவதாக வந்தார். இறுதியில் அவருக்குக் கிடைத்தது 21-ஆவது இடம். டோக்கியோவில் அது 35-ஆக இருந்தது. வேலூரில் பிறந்து ராணுவத்தில் பணியாற்றும் விஷ்ணு டோக்கியோவில் 20-ஆவதாக வந்தார், இங்கே 18-ஆவதாக. நம் ஊடகங்கள் இதை இரண்டு வரியில் முடித்துக்கொண்டது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உள்ள மாநிலம் நம்முடையது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் போட்டியிடும் பிரிவில், இரண்டு ஒலிம்பிக்குகளுக்கிடையில் 14 இடங்கள் முன்னேறிய ஒரு சென்னைப் பெண்ணைக் கொண்டாட நமக்குப் பதக்கம்தான் வேண்டுமா?

மார்செய் புதிதாக எதையும் பிரம்மாண்டமாகக் கட்டாமல், இருப்பதைச் செப்பனிட்டுப் பயன்படுத்தியதையும் நான் மனதாரப் பாராட்டுகிறேன். படகுத்துறை ஏற்கெனவே இருந்ததுதான், அதைப் புதுப்பித்தார்கள். பக்கத்தில் இருக்கும் பிராதோ கடற்கரைகளோ 1970-களில் மெட்ரோ சுரங்கம் தோண்டியபோது வெளிவந்த மண்ணைக் கொட்டி உருவாக்கியவை. கால்பந்து ஆட்டங்கள் நடந்த வெலோட்ரோம் அரங்கம் 1937-இல் திறக்கப்பட்டது. 1938, 1998 உலகக் கோப்பைகள் இரண்டையும் பார்த்தது. இதே ஊரின் வடபகுதிக் குடியிருப்பான லா கஸ்தெல்லானில் வளர்ந்த ஜினடின் ஜிடான், 1998-இல் பிரான்சின் முதல் ஆட்டத்தை ஆடியதும் இங்கேதான்.

ஆகஸ்ட் 5 அன்று அந்த அரங்கத்தில் ஸ்பெயினும் மொராக்கோவும் ஆண்கள் அரையிறுதியில் மோதின. நுவாய் சந்தைத் தெருவில், புதினாத் தேநீர் விற்கும் ஒரு கடையின் வாசலில் நின்றபடி அதைப் பார்த்தேன். வடஆப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைந்த நகரம் இது என்பதால், மொராக்கோவுக்கு இது தாய்மண் ஆட்டம் போலவே இருந்தது. மொராக்கோவின் ரஹீமி பெனால்டியில் கோல் அடித்தபோது தேநீர்க் கடைக்காரர் தட்டோடு தெருவுக்கு ஓடிவந்துவிட்டார். பிறகு ஸ்பெயின் இரண்டு கோல் போட்டு வென்றது. கூட்டம் கலைய மனமில்லாமல் நெடுநேரம் அங்கேயே நின்று, அடுத்த முறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

இனி அந்தச் சொல்லப்படாத பாதி. கார்னிஷ் சாலையும் படகுத்துறையும் இருப்பது நகரின் வசதியான தென்பகுதி. வடபகுதியின் உயர்ந்த அடுக்ககங்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். ஆனால் கீழே இறங்கினால் கடலைத் தொட முடியாது. அந்தப் பக்கத்துக் கரையின் பெரும்பகுதியைச் சரக்குத் துறைமுகம் எடுத்துக்கொண்டிருக்கிறது. வடகோடியில் இருக்கும் லெஸ்தாக் பக்கம் மட்டும் சிறிய கடற்கரைகள் மிஞ்சியிருக்கின்றன. மெட்ரோவுக்கு இரண்டே தடங்கள். இரண்டுமே கடற்கரைக்கு வருவதில்லை. ஒரு சிறுவன் வடபகுதியிலிருந்து ஒலிம்பிக் பார்க்க வர வேண்டுமானால், பேருந்தில் ஏறி, மெட்ரோவுக்கு மாறி, பழைய துறைமுகத்தில் இறங்கி, கார்னிஷ் வழியாகப் போகும் 83-ஆம் எண் பேருந்தைப் பிடிக்க வேண்டும். போட்டி இலவசமாகத் தெரிவதால் மட்டும் அவனுக்கு என்ன பயன்? கடலோர நகரமாக இருந்தும் நீந்தத் தெரியாமல் வளரும் பிள்ளைகள் அங்கே ஏராளம் என்பதும், நகராட்சி நீச்சல் குளங்கள் போதவில்லை என்பதும் அவ்வூரில் பல காலமாக இருக்கும் குறை.

நுவாய் சந்தைக்கு மிக அருகில், ஓபாஞ் தெருவில், 2018 நவம்பர் 5 அன்று பாழடைந்த கட்டடங்கள் இடிந்து விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் போட்டிக்குச் செலவான பணத்தைப் பற்றிக் கோபப்பட்டால், அவரிடம் விளையாட்டின் பெருமையைப் பேசி வாயடைக்க எனக்கு மனம் வராது. அதே சமயம், போட்டியே வேண்டாம் என்னும் வாதத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தேநீர்க் கடை வாசலில் நின்றவர்களுக்கு அந்த மாலை மிகவும் வேண்டியிருந்தது என்பதைக் கண்ணால் கண்டேன். போட்டிக்கென்று செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கு, அதைக் காண மக்களை அழைத்துவரும் பாதைகளுக்குப் போக வேண்டும் என்பதே என் வாதம். படகுத்துறையைப் புதுப்பித்த அதே முனைப்பைப் பேருந்துத் தடங்களிலும் நீச்சல் குளங்களிலும் காட்டியிருந்தால் இந்தப் பதிவை நான் வேறு விதமாக எழுதியிருப்பேன்.

மார்செய்க்குப் போகிறவர்கள் ஆட்டம் முடிந்ததும் ரயில் ஏறிவிடாதீர்கள். காலையில் பழைய துறைமுகத்துக்குப் போனால், மீனவர்கள் பிடித்துவந்த மீனை நீலத் தொட்டிகளில் துடிக்கத் துடிக்கப் பரப்பி விற்பதைக் காணலாம். குன்றின் மேலிருக்கும் நோத்ர் தாம் த லா கார்த் தேவாலயத்துக்கு ஏறுங்கள். கடலில் தப்பிப் பிழைத்தவர்கள் நேர்த்திக்கடனாகக் கொடுத்த சின்னஞ்சிறு கப்பல்கள் அதன் கூரையிலிருந்து தொங்குகின்றன. வேளாங்கண்ணிக்குப் போய்வந்தவர்களுக்கு அந்த இடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு மாலையாவது வடபக்கமாக லெஸ்தாக்குக்குப் போய், கடலை மாவில் செய்து பொரித்துத் தரும் பனிஸ் வாங்கிச் சாப்பிடுங்கள். கோடைக்காலத்தில் பழைய துறைமுகத்திலிருந்து லெஸ்தாக்குக்குப் பொதுப் போக்குவரத்துப் படகு ஓடுகிறது. சரக்குத் துறைமுகத்தின் நீண்ட சுவரைக் கடலிலிருந்து பார்த்தபடியே போகலாம். வடபகுதியையும் நகர மையத்தையும் கடல்வழியாக நேராக இணைக்கும் அந்தச் சேவை கோடை முடிந்ததும் நின்றுவிடுகிறது. சுற்றுலாப் பயணிகள் போய்விடுவார்கள்; லெஸ்தாக்கின் பிள்ளைகள் குளிர்காலத்திலும் அங்கேதான் இருப்பார்கள். ஒலிம்பிக் நடத்திய நகரம் அந்தப் படகை ஆண்டு முழுவதும் ஓட்ட வேண்டும்.